கழலாத பால் ஜாயிண்டும் கழித்துக் கொடுக்கும் கூலியும்



கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு டம்ளர் காபியோடு உட்காருங்கள். பாதியில் எழுந்து போகிறவர்களுக்கு அட்டென்டன்ஸ் கிடையாது.

என் மைத்துனரிடம் ஒரு பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் இருப்பது நம் உறவுக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். போன வாரம் அதன் முன்சக்கரத்தைக் கழற்றி வைத்திருக்கும் படத்தைக் குடும்பக் குழுவில் போட்டிருந்தார். பால் ஜாயிண்ட் மாற்றும் வேலை. முதல் நாள் கழலவில்லை, மறுநாள்தான் வரும் என்று மெக்கானிக் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான், கருத்துகள் கொட்ட ஆரம்பித்தன. "ஒரு ஜாயிண்டுக்கு ரெண்டு நாளா?" என்றார் ஒருவர். "பெரிய சுத்தியாலே ரெண்டு போடு போட்டா தானா வரும்" என்றார் இன்னொருவர். "கேஸ் வெச்சு சூடு காட்டச் சொல்லுங்க மச்சான்" என்று ஒரு யோசனை. கடைசியில், "நாள் கணக்கு காட்டிக் கூலி கறக்கறான், ஜாக்கிரதை" என்று நான்கு பேர் ஒரே குரலில்.

அந்த மெக்கானிக் என் பழைய மாணவர். புளியந்தோப்பில் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறார். வகுப்பில் அவரை "டேய்" என்றுதான் கூப்பிட்டேன். இந்த விஷயத்தில் அவர்தான் வாத்தியார், நாம் எல்லோரும் பின் பெஞ்சு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துருப்பிடித்த பழைய வண்டியில் ஒரு இணைப்பைச் சேதமில்லாமல் கழற்றுவதற்கு வேண்டிய முக்கியமான பொருள் நேரம். அந்த நேரத்துக்குக் கூலி தர மறுத்து, "சீக்கிரம் முடி" என்று தலைமாட்டில் நிற்கும் வண்டிக்காரர்தான் மெக்கானிக் கையில் பெரிய சுத்தியைக் கொடுக்கிறார். பிறகு வண்டி கெட்டால் மெக்கானிக்கைத் திட்டுகிறார். இது நியாயமில்லை. வண்டிக்கும் ஆபத்து, வேலை செய்கிறவர் கைக்கும் ஆபத்து. ஏன் என்று விளக்குகிறேன்.

முதலில் வண்டியைப் பற்றி. ஹெரால்டு நம் ஊர்க் கார். இங்கிலாந்தில் 1959-இல் டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் வந்தது. உருவம் வரைந்தவர் இத்தாலிக்காரரான மிக்கலோட்டி. இங்கே சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் தயாரானது. தொடக்கத்தில் 948 சிசி இன்ஜின். பானெட்டை முன்பக்கமாகக் கவிழ்த்துத் திறந்தால் இன்ஜினும் முன் சஸ்பென்ஷனும் மொத்தமாகக் கண்ணுக்குத் தெரியும். சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். சுமார் 25 அடி வட்டத்துக்குள் முழுதாகத் திரும்பிவிடும். நம் சந்துகளுக்கென்றே செய்த மாதிரி இருக்கும். எழுபதுகளில் அதன் இடத்தில் கெஸல் வந்தது. பிறகு அந்தக் கம்பெனியே மூடிவிட்டது. எஞ்சியிருக்கும் வண்டிகள் எல்லாம் இப்போது ஐம்பது வயதைத் தாண்டியவை. 50 ஆண்டுகளைக் கடந்த வண்டிகளை 'வின்டேஜ்' என்று பதிவு செய்ய மத்திய அரசு 2021-இல் விதி கொண்டுவந்திருக்கிறது. ஆனால் எந்தப் பதிவுப் பலகையும் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தாது. அதைப் பிடித்து நிறுத்துவது பால் ஜாயிண்ட்.

பால் ஜாயிண்ட் என்றால் என்ன? உங்கள் தோள்மூட்டைத் தொட்டுப் பாருங்கள். ஒரு கிண்ணம், அதற்குள் ஒரு உருண்டை. கையை மேலே தூக்கலாம், பக்கவாட்டில் சுழற்றலாம். காரின் முன்சக்கரத்துக்கும் அப்படி ஒரு மூட்டு வேண்டும். மேடு பள்ளத்தில் மேலும் கீழும் போக வேண்டும், ஸ்டீயரிங்கைத் திருப்பினால் இடமும் வலமும் திரும்ப வேண்டும். அந்த உருண்டையிலிருந்து ஒரு தண்டு நீண்டிருக்கும். தண்டின் நுனியில் மரை, நடுப்பகுதி கூம்பு. மெக்கானிக்குகள் 'டேப்பர்' என்பார்கள். எதிர்ப்பக்க இரும்பில் அதே அளவுக்குக் கூம்பாகக் கடைந்த துளை இருக்கும். தண்டை அதற்குள் விட்டு நட்டை முறுக்கினால், கூம்பு துளைக்குள் இறுகி உட்கார்ந்துகொள்ளும்.

கழற்றும்போதுதான் வேடிக்கை. நட்டை முழுக்க எடுத்துவிட்டாலும் தண்டு அசையாது. பார்க்கிறவர்களுக்கு ஆச்சரியம். "நட்டுதான் வந்துடுச்சே, இன்னும் என்ன?"

இதற்கு உங்கள் வீட்டுச் சமையலறையிலேயே விடை இருக்கிறது. எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றுக்குள் ஒன்று இறுகிக்கொள்ளும் அல்லவா? அவற்றுக்கு நட்டும் இல்லை, போல்ட்டும் இல்லை. ஆனாலும் இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடித்து இழுத்தாலும் வராது. டம்ளர் கூம்பு வடிவம், அதனால்தான்.

ஒன்பதாம் வகுப்பு, பத்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவர்களுக்கு உராய்வுப் பாடம் ஞாபகம் இருக்கும் என்று நம்புகிறேன். கார் பால் ஜாயிண்டுகளில் வழக்கமாக வைக்கும் சரிவு எட்டுக்கு ஒன்று, பத்துக்கு ஒன்று என்ற அளவில் இருக்கும். எட்டுக்கு ஒன்று என்றால், 8 மில்லிமீட்டர் நீளம் போனால் விட்டம் 1 மில்லிமீட்டர் குறையும். கணக்குப் போட்டால் ஒரு பக்கச் சரிவு சுமார் 3.5 பாகை. எஃகும் எஃகும் உரசும்போது உராய்வுக் குணகம் 0.15 என்று வைத்துக்கொண்டால், உராய்வுக் கோணம் சுமார் 8.5 பாகை. சரிவுக் கோணம் உராய்வுக் கோணத்தைவிடச் சிறியதாக இருந்தால், உள்ளே இறங்கிய ஆப்பு தானாக வெளியே வழுக்காது. ஓடுகிற வண்டியில் நட்டு கொஞ்சம் தளர்ந்தாலும் சக்கரம் உடனே கழன்று போய்விடக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். நாம் 'பிடிவாதம்' என்று திட்டுகிறோமே, அதுதான் இத்தனை வருஷம் நம் உயிரைக் காப்பாற்றியது.

இதன் மேல் நம் ஊர்க் காற்று வேறு. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடல் உப்பு காற்றிலேயே கலந்திருக்கிறது. துறைமுகம், அனல்மின் நிலையம், ரசாயன ஆலைகள் எல்லாம் பக்கத்திலேயே. மழைக்காலத்தில் கணேசபுரம் சுரங்கப்பாதையில் தேங்கும் தண்ணீரைத் தாண்டாத வண்டி புளியந்தோப்பில் உண்டா? கூம்புக்கும் துளைக்கும் நடுவே மயிரிழை இடைவெளி கிடைத்தாலும் உப்புத் தண்ணீர் உள்ளே போகும், இரும்பு துருவாகும். துரு, அது தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடத்தை அடைக்கும். ஏற்கெனவே இறுகிய இடத்தில் இன்னும் பருத்து உட்கார்ந்துகொள்ளும். பெங்களூரில் ஷெட்டிலேயே நின்ற வண்டியில் அரை மணியில் முடிகிற வேலை, இங்கே ஒரு நாள் கேட்பது இதனால்தான். இதில் மெக்கானிக்கின் தந்திரம் எதுவும் இல்லை.

சரி, நம் உறவினர்கள் சொன்ன வைத்தியங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் வைத்தியம், தண்டின் மரை நுனியில் ஓங்கி அடிப்பது. அடி முழுவதும் போய் மரையில் விழும். நுனி காளான் மாதிரி விரிந்துகொள்ளும். அதன் பிறகு தண்டு துளை வழியாகவும் வராது, நட்டும் திரும்ப ஏறாது. வேலை ஒன்று இரண்டாகிவிடும். அடியின் அதிர்ச்சி ஸ்டீயரிங் பக்கமும் போகும். ஹெரால்டின் ரேக் அண்டு பினியன் ஸ்டீயரிங் மென்மையானது. சுத்தி அடி வாங்குவதற்கென்று அதைச் செய்யவில்லை.

இரண்டாவது வைத்தியம், கேஸ் டார்ச். டம்ளரை வெந்நீரில் காட்டிக் கழற்றுகிற மாதிரி, வெளி இரும்பை இளஞ்சூடாக்கினால் துளை கொஞ்சம் விரியும் என்பது உண்மைதான். ஆனால் அவசரத்தில் யாரும் இளஞ்சூட்டோடு நிறுத்துவதில்லை. சிவக்கச் சிவக்கக் காய்ச்சுகிறார்கள். சஸ்பென்ஷன் பாகங்கள் பதம் பார்த்து உறுதியேற்றிய எஃகு. கொல்லன் உலையில் பதம் போன அரிவாள் என்ன ஆகும் என்று நம் பாட்டன்களுக்குத் தெரியும். வெளியே பார்க்க அதே இரும்புதான், உள்ளே உறுதி போயிருக்கும். இன்னொரு ஆபத்தும் உண்டு. ஜாயிண்டின் உள்ளே கிரீஸ் அடைபட்டிருக்கிறது. அது கொதித்தால் பீறிட்டு வெளியே வரும், எதிரே இருப்பது ஒரு மனிதனின் முகம். ரப்பர் உறை எரிந்து நாறுவதைச் சொல்லவே வேண்டாம்.

மூன்றாவது வைத்தியம், பிளவுபட்ட நாக்கு மாதிரி ஒரு இரும்பு ஆப்பு இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே செருகி அடித்தால் ஜாயிண்ட் பிரியும். ஆனால் ரப்பர் உறையைக் கிழித்துவிடும். தூக்கி எறியப் போகிற ஜாயிண்ட் என்றால் பரவாயில்லை. வேறு வேலைக்காகக் கழற்றி மறுபடி அதையே மாட்டப் போகிறோம் என்றால், கிழிந்த உறை வழியாக மண்ணும் தண்ணீரும் புகுந்து சில மாதங்களில் அதன் கதை முடிந்துவிடும்.

நேரம் கொடுத்தால் இதே வேலை எப்படி நடக்கிறது தெரியுமா? என் மாணவர் பட்டறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

முதல் நாள் மாலையே வண்டி வந்துவிட வேண்டும். சமதளத்தில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியில் தூக்கி, சேஸிஸுக்குக் கீழே இரும்பு ஸ்டாண்டு வைக்கிறார். வெறும் ஜாக்கியை நம்பி யாரும் கீழே போவதில்லை. சக்கரத்தை எடுத்துவிட்டு, இணைப்பைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்கிறார். துரு கரைக்கும் எண்ணெயை ஊற்றிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார். ராத்திரி முழுக்க எண்ணெய் தன் வேலையைப் பார்க்கும். நம் குழுவில் கேலி செய்தார்களே, அந்த முதல் நாள் இதுதான். அவர் தூங்கினார், எண்ணெய் விழித்திருந்தது.

மறுநாள் காலை கீழ் ஆர்முக்கு அடியில் ஜாக்கியைத் தாங்கல் கொடுக்கிறார். பல கார்களில் ஸ்பிரிங்கின் பலம் முழுவதும் கீழ் ஆர்மின் மேல்தான் இருக்கும். ஜாயிண்ட் பிரிந்த நொடியில் தாங்கல் இல்லையென்றால் ஆர்ம் பாய்ந்து இறங்கும். ஹெரால்டில் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே கட்டாக இருப்பதால் அந்த ஆபத்து குறைவு. ஆனால் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கிற கருவி இல்லாமல் அந்தக் கட்டின் தலை நட்டைத் தொடவே கூடாது.

பிறகு நட்டைத் தளர்த்துகிறார், முழுக்க எடுப்பதில்லை. இரண்டு மூன்று மரையில் விட்டுவைக்கிறார். திடீரென்று பிரிந்தாலும் பாகம் பறக்காது, மரையும் பிழைக்கும். சில நேரம் நட்டோடு சேர்ந்து தண்டும் சுற்றும். அப்போது ஜாயிண்டை ஜாக்கியாலோ நெம்புகோலாலோ துளைக்குள் அழுத்திப் பிடித்தால் கூம்பு இறுகி, தண்டு நின்றுவிடும், நட்டு மட்டும் திரும்பும். எதிரி பலத்தையே நமக்குத் துணையாக்கிக்கொள்ளும் வித்தை இது. பார்த்தபோது எனக்குக் கைதட்டத் தோன்றியது.

அடுத்து புல்லர். ஒரு பக்கம் இரண்டு விரல் மாதிரி பிடி, மறுபக்கம் ஒரு திருகு. திருகை முறுக்க முறுக்கத் தண்டின் மேல் அழுத்தம் ஏறும். வரவில்லையா? இன்னும் முறுக்கு, இன்னும் முறுக்கு என்று போனால் புல்லர்தான் உடையும். அவர் அங்கே நிறுத்துகிறார். அழுத்தம் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, கூம்புத் துளை இருக்கிற இரும்பின் பக்கவாட்டில், ஒரு கனத்த இரும்பை எதிர்ப்பக்கம் முட்டுக்கொடுத்து, நடுத்தரச் சுத்தியால் இரண்டு தட்டு. வட்டத் துளை ஒரு கணம் நீள்வட்டமாகி மீளும். அந்தக் கணத்தில் பிடி விடும். 'டப்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். டம்ளரைப் பக்கவாட்டில் தட்டிக் கழற்றும் பாட்டிக்கு இந்த இயற்பியல் எப்போதோ தெரியும்.

ஆக, சுத்தி வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. எங்கே, எவ்வளவு, எப்போது என்பதுதான் தொழில். அதைத் தெரிந்துகொள்ள வருஷங்கள் ஆகின்றன, செய்து காட்ட நேரம் ஆகிறது. நாம் கூலி கொடுப்பது இந்த இரண்டுக்கும்தான்.

இன்னொரு உதாரணமும் ஹெரால்டிலேயே இருக்கிறது. அதன் முன்சக்கரத்தில் மேலேதான் பால் ஜாயிண்ட். கீழே 'ட்ரனியன்' என்று ஒரு வெண்கலப் பாகம். எஃகுத் தண்டு அதற்குள் மரையாக இறங்கியிருக்கும், ஸ்டீயரிங் திருப்பும்போது அந்த மரையிலேயே சுழலும். அதற்கு ஊற்ற வேண்டியது கியர் பாக்ஸுக்கு ஊற்றுகிற மாதிரியான 90 நம்பர் ஆயில். ஆனால் அவசரத்தில் சர்வீஸ் செய்கிறவர்கள் கிரீஸ் கன்னில் இருக்கிற கிரீஸையே அடித்துவிடுவார்கள். கிரீஸ் மரையின் ஆழத்துக்குப் போகாமல் காய்ந்து அடைத்துக்கொள்ளும். தண்ணீர் புகும், எஃகுத் தண்டு துருப்பிடித்து மெலியும். ஒரு நாள், பெரும்பாலும் வளைவில் திரும்பும்போது, தண்டு முறிந்து சக்கரம் வண்டிக்கு அடியில் மடங்கிக்கொள்ளும். இந்த வகைக் கார்களை வைத்திருப்பவர்கள் உலகம் முழுக்க அஞ்சுகிற விபத்து இது. கன்னில் ஆயில் மாற்ற ஆகும் கால் மணி நேரத்தை மிச்சப்படுத்தப் போய், முன்சக்கரத்தையே பணயம் வைக்கிறோம்.

இப்போது மனிதர் விஷயத்துக்கு வருகிறேன். வண்டியைவிட எனக்கு அதுதான் முக்கியம்.

என் இன்னொரு மாணவர், வியாசர்பாடிப் பக்கம் ஒரு பட்டறையில் வேலை பார்த்தவர். மதியம் முகூர்த்த வீட்டுக்குப் போக வேண்டும், பன்னிரண்டு மணிக்குள் வண்டி வேண்டும் என்று வண்டிக்காரர் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். புல்லர் வேறொரு பட்டறைக்கு இரவல் போயிருந்தது. வரும்வரை காத்திருக்க அவர் சம்மதிக்கவில்லை. இவர் அடித்தார். நாலாவது அடி வழுக்கி இடது கட்டைவிரலில் விழுந்து எலும்பு முறிந்தது. ஒரு மாதத்துக்கு மேல் வேலை இல்லை, தினக்கூலிக்காரருக்கு வேலை இல்லை என்றால் வீட்டில் அடுப்பு இல்லை. பேசிய கூலியில் பாதியைக் கொடுத்துவிட்டு, "வேலை முடியலையே" என்று சொல்லிப் போனாராம் வண்டிக்காரர். விரல் இன்றும் முழுசாக மடங்காது. ஸ்பேனர் பிடிக்கிறவருக்குக் கட்டைவிரல் எவ்வளவு முக்கியம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்தச் சம்பவத்தில் அந்தச் சுத்தியை ஓங்கியது யார்? சட்டப்படி என் மாணவர். என் கணக்குப்படி நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்.

இதற்கு மறுபேச்சு வரும் என்று தெரியும். அதையும் பேசிவிடுவோம்.

"ஐம்பது வருஷமா எல்லாரும் அடிச்சுத்தானே கழட்டறாங்க, என்ன ஆச்சு?" என்பார்கள். ஆனதைத்தான் மேலே சொன்னேன். கழற்றிய அன்று எதுவும் தெரியாது. சூட்டில் பதம் போன இரும்பு ஆறு மாதம் கழித்துத் திருச்சி நெடுஞ்சாலையில் முறிந்தால், அதற்கும் அந்த டார்ச்சுக்கும் யார் முடிச்சுப் போடுவார்கள்? "வண்டி பழசு, அதான்" என்று முடித்துவிடுவோம்.

"புது ஜாயிண்ட் விலை கொஞ்சம்தான், பழசு உடைந்தால் என்ன?" என்பார்கள். ஜாயிண்ட் விலை குறைவுதான், அது உட்கார்ந்திருக்கும் துளையின் விலை அப்படி இல்லை. கண்டபடி அடித்துத் துளை கோணிப்போனால், புது ஜாயிண்டின் கூம்பு அதில் சரியாக உட்காராது. ஓட ஓட ஆட்டம் கொடுக்கும். ஹெரால்டின் அந்தப் பாகத்தை இன்று புதுப்பேட்டையில் தேடினாலும் கிடைப்பது அதிர்ஷ்டம். இல்லையென்றால் இங்கிலாந்திலிருந்து தருவிக்க வேண்டும். பாகத்தின் விலை, கப்பல் கூலி, சுங்க வரி எல்லாம் சேர்த்தால், ஒரு நாள் கூலியை எண்ணிக் கொடுத்திருக்கலாமே என்று தோன்றும்.

"நேரத்துக்குக் கூலின்னா, வேணும்னே இழுத்தடிப்பானே?" இது நியாயமான கேள்வி. ஏமாற்றுகிறவர்கள் எல்லாத் தொழிலிலும் உண்டு, என் தொழிலிலும் உண்டு. அதற்கு வழி, வேலைக்கு முன்னும் பின்னும் உங்கள் கண்ணால் பார்ப்பது. சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஜாயிண்ட் தேய்ந்திருந்தால் ஆட்டம் கையிலேயே தெரியும். கழற்றிய பழைய ஜாயிண்டைக் கேட்டு வாங்குங்கள். மரை நுனி நசுங்காமல் இருக்கிறதா, துளையைச் சுற்றி நீலமாகவோ கருப்பாகவோ சூட்டுத் தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள். சுத்தமாகக் கழற்றிய பாகமே அந்த நேரம் எங்கே போனது என்பதற்குச் சாட்சி. சந்தேகப்படுவது உங்கள் உரிமை. பார்க்காமலே சந்தேகப்படுவது மரியாதை இல்லை.

இதில் என்னை உறுத்துகிற விஷயம் ஒன்று உண்டு. பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர், "இரண்டு நாள் அட்மிட் ஆகி மருந்து ஏறட்டும், பிறகு ஆபரேஷன்" என்றால் கைகட்டிக் கேட்கிறோம். அந்த இரண்டு நாளுக்கும் படுக்கை வாடகை கட்டுகிறோம். பட்டறையில் ஒருவர், "இன்னைக்கு எண்ணெய் ஊறட்டும், நாளைக்குக் கழட்டலாம் சார்" என்றால் மட்டும் திருடனாகிவிடுகிறார். ஏசி ஷோரூமில் பில்லில் 'லேபர் சார்ஜ்' என்று அச்சடித்து வந்தால் பேசாமல் கார்டைத் தேய்க்கிறோம். கை முழுக்கக் கிரீஸ் உள்ளவரிடம் ஐம்பது ரூபாய்க்குப் பேரம். பேரம் பேசுவது பணத்தை வைத்தா, ஆளின் சட்டையை வைத்தா?

நம் வடசென்னை யாருடைய கையால் எழுந்தது என்று நினைத்துப் பாருங்கள். நமக்குப் பக்கத்தில் பின்னி மில். 1996-இல் மூடும்வரை மூன்று தலைமுறை அதில் வேலை பார்த்த வீடுகள் உண்டு. எண்ணூரில் 1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்று ஆரம்பித்து, ஆஸ்டின் கார்களைப் பூட்டிக்கொண்டிருந்த இடம்தான் பிறகு அசோக் லேலண்ட் ஆனது. 1955-இல் பெரம்பூரில் ஐ.சி.எஃப்., அதே வருஷம் திருவொற்றியூரில் என்ஃபீல்டு. உங்களில் எத்தனை பேரின் அப்பாவோ தாத்தாவோ அங்கே ஃபிட்டராக, டர்னராக இருந்தார்கள்? 'ஃபிட்டர் வீட்டுப் பிள்ளை' என்று பெருமையாகச் சொல்லிக்கொண்ட தெருக்கள் இவை. அந்தத் தாத்தாக்களின் பேரப்பிள்ளைகள் இன்று குழுவில் உட்கார்ந்து, "ஒரு ஜாயிண்டுக்கு ரெண்டு நாளா?" என்று கேட்பது எனக்கு வலிக்கிறது.

வலியைச் சொல்லிவிட்டு நிறுத்தினால் அது வாத்தியார் வேலை ஆகாது. வீட்டுப்பாடமும் தருகிறேன்.

வண்டி வைத்திருக்கும் உறவுகளுக்கு: பழைய வண்டியைக் காலையில் விட்டு மதியம் கேட்காதீர்கள், முதல் நாள் மாலையே விடுங்கள். துருப்பிடித்த வேலைக்கு மொத்தக் கூலி பேசாமல், நாள் கணக்கிலோ மணிக் கணக்கிலோ பேசுங்கள். சூடு காட்டுவதாக இருந்தால் தன்னைக் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். வேலை நடக்கும்போது தலைமாட்டில் நிற்காதீர்கள். டீ வாங்கிக் கொடுத்துவிட்டு நகருங்கள்.

பட்டறை வைத்திருக்கும் என் பிள்ளைகளுக்கு: வேலையை ஒப்புக்கொள்ளும் முன்பே, "இது துருப்பிடிச்சிருக்கு, இத்தனை நேரம் ஆகலாம்" என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். பயந்து குறைத்துச் சொல்லிவிட்டு, பிறகு அந்தப் பயத்தைச் சுத்தியில் காட்டாதீர்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ஸ்டாண்டு இல்லாமல் வண்டிக்கு அடியில் படுக்கிற வேலையை எவ்வளவு கொடுத்தாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

வெளியூரிலும் வெளிநாட்டிலும் நல்ல நிலையில் இருக்கும் பழைய மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் பகுதியில் என்னிடம் படித்து, பட்டறை வைத்திருப்பவர்கள் என் கணக்குக்கே ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். எல்லோரிடமும் நல்ல புல்லர் இல்லை. ஒன்றையே தெரு முழுக்க இரவல் வாங்கிக்கொள்கிறார்கள். கட்டைவிரல் கதை அந்த இரவலில் இருந்துதான் தொடங்கியது. இரண்டு மூன்று அளவில் பால் ஜாயிண்ட் புல்லர், ஸ்பிரிங் அமுக்கும் கருவி ஒன்று, இரும்பு ஸ்டாண்டு நாலு ஜோடி, கண்ணாடி ஒரு டஜன். இதைப் பொதுவில் வாங்கி ஒரு பட்டறையில் வைத்து, நோட்டுப் போட்டு எடுத்துக்கொள்ளும்படி செய்யலாம். ஆளுக்கு ஒரு கல்யாண மொய் அளவு கொடுத்தால் போதும். வருஷா வருஷம் ஆசிரியர் தினத்துக்கு எனக்குப் பொன்னாடை போர்த்துகிறீர்கள், பீரோவில் இடம் இல்லை. இந்த வருஷம் அந்தப் பணத்தில் புல்லர் வாங்குங்கள்.

முதல் பங்கு என்னுடையது. பென்ஷன் வந்துவிட்டது, எடுத்து வைத்துவிட்டேன்.

சேர விரும்புகிறவர்கள் கீழே பெயரும் நீங்கள் படித்த வருஷமும் எழுதுங்கள். பட்டறை வைத்திருப்பவர்கள் உங்களுக்கு அவசியமாக வேண்டிய கருவி எது என்று எழுதுங்கள். நான் சொன்ன முறையில் திருத்தம் இருந்தாலும் தாராளமாகச் சொல்லுங்கள். அந்தப் பாடத்தில் நான்தான் மாணவன்.

மைத்துனருக்கு ஒரு வார்த்தை: கூலியைப் பேசியபடியே கொடுத்துவிடுங்கள். குறைக்க வேண்டாம் மாமா.

அன்புடன்,
உங்கள் பழைய சயின்ஸ் வாத்தியார்,
புளியந்தோப்பு.